தேசியப் பூங்காவின் வாசலை யாருக்குத் திறப்பது, அதை யார் முடிவு செய்வது?

தேன்சிட்டு (கேள்வி)

வணக்கம். நான் பல ஆண்டுகளாகச் சென்றுவரும் ஒரு தேசியப் பூங்காவுக்கு, அடுத்த பத்தாண்டுகளுக்கான மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வெளியாகியிருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். எழுத உட்கார்ந்த பிறகுதான் என் நிலைப்பாடு எனக்கே தெளிவாக இல்லை என்பது புரிந்தது. விவரம் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முறை சென்றபோது, அங்கே அருவிக்குப் போகும் வழி ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதையாக இருந்தது. சென்ற மாதம் போனபோது அதே வழி நான்கு பேர் கைகோத்து நடக்கும் அளவுக்கு விரிந்து, நடுவில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து, இருபுறமும் மரவேர்கள் பட்டை உரிந்து வெளியே தெரிந்தன. பூங்காவின் வாசலில் வண்டிகள் ஒன்றரை மணி நேரம் காத்து நின்றன.

வரைவில் மூன்று யோசனைகள் சொல்லப்பட்டுள்ளன. நுழைவுக் கட்டணத்தை ஐந்து மடங்காக உயர்த்துவது ஒன்று. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, குலுக்கல் முறையில் அனுமதி தருவது இன்னொன்று. அருவிப் பாதையை ஐந்து ஆண்டுகளுக்கு முழுவதுமாக மூடிவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாக என்னால் வாதாட முடிகிறது. மூன்றுமே எங்கோ உறுத்தவும் செய்கின்றன.

அமெரிக்காவில் 1872-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அது மக்களின் நலனுக்கும் இன்பத்துக்குமான இடம் என்றே சொல்லப்பட்டது. 1916-இல் அந்நாட்டின் பூங்காக்களுக்கென்று தனித்துறை அமைத்த சட்டம், இயற்கைக் காட்சிகளையும் உயிரினங்களையும் காக்க வேண்டும் என்றும், மக்கள் அவற்றைக் கண்டு மகிழ வழி செய்ய வேண்டும் என்றும், வருங்காலத் தலைமுறைகளுக்கு அவை பழுதின்றிக் கிடைக்க வேண்டும் என்றும் ஒரே வாக்கியத்தில் கட்டளையிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வாக்கியத்தின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று இழுபறியில்தான் இருக்கின்றன என்று எனக்குப் படுகிறது. இரண்டில் எது முந்தியது? கூட்டத்தைக் குறைப்பதுதான் தீர்வா? குறைப்பது என்றால் பணத்தை வைத்தா, குலுக்கலை வைத்தா? உங்கள் கருத்துகளைக் காரணங்களோடு எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.

கல்லும் மண்ணும்

நான் ஒன்பது ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் காட்டுப் பாதைகளைச் சீரமைக்கும் தன்னார்வக் குழுவில் வேலை செய்கிறேன். அதனால் உங்கள் அருவிப் பாதையிலிருந்தே தொடங்குகிறேன்.

முழங்கால் ஆழப் பள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காலடிகளால் மட்டும் விழுந்ததாக இருக்காது. மழைநீர் அறுத்த பள்ளமாகவே இருக்கும். சரிவில் போகும் பாதையில் மண் மிதிபட்டு இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. இறங்காத நீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். ஓடிய இடம் பள்ளமாகும், அடுத்த மழையில் பள்ளத்தில் சேறு நிற்கும். சேற்றில் கால் வைக்க விரும்பாதவர்கள் ஓரத்துப் புல்லை மிதித்து நடப்பார்கள். புல் செத்ததும் அந்த ஓரமும் இறுகி, தண்ணீர் அங்கேயும் ஓடத் தொடங்கும். நான்கு பேர் கைகோத்து நடக்கும் அகலம் இப்படித்தான் வந்திருக்கும். வருகையாளர்களைப் பாதியாகக் குறைத்தாலும், சரிவில் தண்ணீர் ஓடும் வழியை மாற்றாவிட்டால் அந்தப் பள்ளம் ஆழமாகிக்கொண்டேதான் இருக்கும்.

இதற்குச் செய்யும் வேலை மிக எளிமையானது. பாதையின் குறுக்கே, சற்றுச் சாய்வாக, பாதிக்கு மேல் மண்ணில் புதையும்படி கற்களை வரிசையாகப் பதிப்போம். மேலிருந்து வரும் நீர் அந்தக் கல்வரிசையில் முட்டி, பக்கவாட்டில் காட்டுக்குள் வடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் கல்லுக்குப் பின்னால் வண்டலும் சருகும் சேர்ந்து மேடாகிவிடும். அதை யாராவது மண்வெட்டியால் வாரி எடுக்க வேண்டும். இரண்டு மழைக்காலம் யாரும் வாரவில்லை என்றால், தண்ணீர் கல்லைத் தாண்டி மீண்டும் பாதையிலேயே இறங்கும், நாங்கள் செய்த வேலை முழுவதும் வீண்.

இந்த மண்வெட்டி வேலைக்குத்தான் உலகில் எந்தப் பூங்காவிலும் பணம் இருப்பதில்லை. மிகுந்த பொருள்வளம் உள்ள அமெரிக்கப் பூங்காத் துறையிலேயே, தள்ளிப்போடப்பட்ட பராமரிப்புப் பணிகளின் மதிப்பு 2023 கணக்கின்படி 2,300 கோடி டாலருக்கு மேல். கணக்கிடும் முறை மாறியதும் அந்தத் தொகை பெருகியதற்கு ஒரு காரணம்தான். ஆனால் உடைந்த குழாய்களும் இடிந்த பாலங்களும் அரித்த பாதைகளும் கணக்குக்காக வந்தவை அல்ல. 2020-இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பூங்காத் துறைக்கும் வேறு சில அரசுத் துறைகளுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகும் நிலுவை தீரவில்லை. புதிய நுழைவாயிலைத் திறந்துவைக்க ஆள் வருவார்கள், வடிகாலைத் தூர்வார வரமாட்டார்கள் என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் ஒரு பிரச்சினையே அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலைகளின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லிவிடாது. யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ் பூங்காக்களில் மண்ணின் மேல் கறுத்த, பொருக்குத் தட்டிய ஓர் ஓடு இருக்கும். நுண்ணுயிர்களும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து மணலைப் பிணைத்து உருவாக்கிய உயிருள்ள ஓடு அது. மிதித்தால் நொறுங்கிவிடும், மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். அங்கே பாதையை விட்டு விலகிய ஒரே ஒருவர், பாறைத் தளத்தின் மேல் நடந்த ஆயிரம் பேரைவிடக் கூடுதலாகக் கெடுத்துவிடுவார். அதே மாநிலத்தின் சயான் பூங்காவில் 2000-ஆம் ஆண்டு முதல், பரபரப்பான மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டிகளை நிறுத்திவிட்டுப் பேருந்து விட்டார்கள். வந்த மக்கள் குறையவில்லை, இரைச்சலும் புகையும் சாலையோரத்துச் செடிகள் மேல் வண்டி ஏற்றி நிறுத்துவதும் குறைந்தன. உங்கள் வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றவை வண்டிகளா, மனிதர்களா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்.

நெடுவழி

மேலே எழுதியவர் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். கட்டணமா, குலுக்கலா என்ற பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கட்டணத்தை ஆதரிப்பவர்கள் வழக்கமாக ருவாண்டாவைக் காட்டுவார்கள். அங்கே மலைக் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டவருக்கு ஒரு முறைக்கான அனுமதிக் கட்டணம் 2017 மே மாதம் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்ந்தது. சுற்றுலா வருவாயில் பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தரும் பங்கும் அதே ஆண்டில் ஐந்து விழுக்காட்டிலிருந்து பத்து விழுக்காடாக உயர்ந்தது. விருங்கா மலைத்தொடரில் 1981-இல் 254 ஆகக் குறைந்திருந்த கொரில்லாக்கள், 2015–16 கணக்கெடுப்பில் 604 ஆக இருந்தன. இந்த வெற்றி உண்மையானது. ஆனால் அதைக் கட்டணத்தின் வெற்றி என்று படிப்பது தவறு என்பது என் கருத்து. அங்கே முதலில் வந்தது கட்டணம் அன்று, வரம்புதான். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் கொண்ட ஒரே குழு, ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்கலாம். மனிதரின் சளி, இருமல் கொரில்லாவுக்கு எளிதில் தொற்றி உயிரைப் பறிக்கும் என்பதால் வந்த வரம்பு அது. விலங்கின் உடல்நிலை எத்தனை பேர் என்பதைத் தீர்மானித்தது. எஞ்சிய சில இடங்களுக்கு விலை வைத்தார்கள், அவ்வளவே. வரம்புக்குக் காரணம் சொல்லாமல் விலையை மட்டும் உயர்த்தினால், அது பணம் இல்லாதவரைக் கழித்துவிடும் வேலையை மட்டுமே செய்யும்.

அப்படி உயர்த்தியபோது என்ன நடக்கும் என்பதற்கு இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்கா எடுத்துக்காட்டு. 2022-இல் கட்டணத்தை 37.5 லட்சம் ரூபியாவாக உயர்த்தப் போவதாக அறிவித்தவுடன், சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் உள்ளூர்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அந்தத் திட்டம் முதலில் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. எக்வடோர் நாட்டின் கலாபகோஸ் தீவுகளில் 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்குக் கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக இரட்டித்தது. சொந்த நாட்டவருக்கு அது மிகக் குறைவாகவே இருக்கிறது. தொலைவிலிருந்து வருபவரிடம் கூடுதலாகவும் அந்நாட்டு மக்களிடம் குறைவாகவும் வாங்குவதில் எனக்கு உடன்பாடுதான். மக்களின் பொதுச்சொத்தை அந்த மக்களிடமே ஐந்து மடங்கு விலைக்கு விற்பதில் உடன்பாடில்லை.

குலுக்கல் அதைவிட நியாயமானது, ஆனால் அதிலும் ஒரு குறை இருக்கிறது. மூன்று மாதம் முன்பே இணையத்தில் பதிவு செய்து விடுப்புக்கும் பயணத்துக்கும் ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தவர்களுக்கே அது சாதகமாக அமையும். தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அடுத்த வாரம் என்ன வேலை இருக்கும் என்பதே தெரியாது. சயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறை முகட்டுக்கு 2022 ஏப்ரல் முதல் அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பருவத்துக்கு முன்பு ஒரு குலுக்கலும் முதல்நாள் நடக்கும் இன்னொரு குலுக்கலுமாக இரண்டு வைத்தார்கள். உங்கள் வரைவில் குலுக்கல் இருந்தால், இடங்களில் ஒரு பகுதியை முதல்நாள் விண்ணப்பிப்பவர்களுக்கும் நேரில் வருபவர்களுக்கும் ஒதுக்கும்படி கேளுங்கள்.

மூடுவதைப் பற்றிச் சுருக்கமாக: தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பவளத்துண்டுகளை நட்டார்கள், கரும்புள்ளிச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பின. திறந்தபோது படகுகளை விரிகுடாவுக்குள் விடாமல் பின்பக்கத் துறைக்கு மாற்றினார்கள், ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள், ஆண்டுதோறும் சில வாரங்கள் மூடுகிறார்கள். மூடியிருந்த காலத்தில் செய்த வேலையும் திறந்த பிறகு மாற்றிய முறையும்தான் பயன் தந்தன. ஐந்தாண்டு பூட்டிவைத்துவிட்டுப் பழையபடியே திறப்பதாக இருந்தால், ஆறாம் ஆண்டில் நீங்கள் இதே கேள்வியைக் கேட்க வேண்டிவரும்.

நான்கு சக்கரம்

நான் சக்கர நாற்காலியில் செல்பவன். ‘அணுகல்’ என்ற சொல் இந்த விவாதத்தில் வரும்போதெல்லாம் கூட்டத்தைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அந்தச் சொல்லின் பொருள் வேறு.

காட்டுக்குள் சாலை போட விரும்புகிறவர்கள், மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் வர வேண்டாமா என்று எங்களை முன்னிறுத்திப் பேசுகிறார்கள். சாலையை எதிர்ப்பவர்களோ, எல்லா இடமும் எல்லாருக்கும் கிடைத்துவிட வேண்டும் என்பதில்லை என்று எங்களைப் பார்த்தே சொல்கிறார்கள். என்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்டவர்கள் இரு தரப்பிலும் மிகக் குறைவு. நான் மலை உச்சிக்குத் தார்ச்சாலை கேட்கவில்லை. தரையிலிருந்து சற்று உயர்த்திப் போட்ட இருநூறு மீட்டர் மரப்பலகைப் பாதை கேட்கிறேன். அதில் பலகைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், ஏனென்றால் நீளவாக்கில் போட்டால் முன்சக்கரம் இடுக்கில் சிக்கி நாற்காலி கவிழ்ந்துவிடும். ஓரத்தில் கையளவு உயர விளிம்பு வேண்டும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏற்றம் கூடாது. அப்படியொரு பாதையின் முடிவில் முதன்முறையாக ஒரு சதுப்பு நிலத்தின் நடுவில் இருந்தேன். தவளைகளின் ஒலி நான்கு பக்கமும் கேட்டது. என்னைத் தூக்கிச் செல்ல யாரும் தேவைப்படவில்லை. அந்தப் பாதையின் அடியில் நீர் ஓடியது, கோரைப்புல் முளைத்திருந்தது. எங்களுக்காகப் போட்ட பலகை மற்றவர்களின் கால்களிலிருந்தும் அந்த நிலத்தைக் காத்தது.

உங்கள் கருத்துரையில் இதற்கு ஒரு வரி இடம் கொடுங்கள்.

பழைய கோப்பு

முந்தைய பதில்கள் எல்லாம் பூங்காவுக்கு வெளியிலிருந்து வருபவர்களைப் பற்றியவை. வாசல் என்று ஒன்று வைப்பதற்கு முன்பே உள்ளே இருந்தவர்களைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும்.

எல்லோஸ்டோனை ஆளில்லாத காடு என்று உலகத்துக்குச் சொன்னார்கள். ஷோஷோனி, பானக், க்ரோ முதலிய மக்கள் அங்கே வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் பல நூறு தலைமுறைகளாக வாழ்ந்திருந்தார்கள். ஆளில்லாத காடு என்ற அந்த மாதிரிதான் பிறகு உலகமெங்கும் போயிற்று. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்காக மாகுலேக்கே மக்கள் 1969-இல் வீடுகளோடு அப்புறப்படுத்தப்பட்டனர். உகாண்டாவில் ப்விண்டி 1991-இல் தேசியப் பூங்காவானபோது, அந்தக் காட்டையே வீடாகக் கொண்டிருந்த பட்வா மக்கள் நிலமற்றவர்களாயினர்.

இந்தியாவில் கேவலாதேவ் பூங்காவில் நடந்ததை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில் காட்டுக்கும் மக்களுக்கும் ஒருசேர இழப்பு நேர்ந்தது. பரத்பூரில் உள்ள அந்தச் சதுப்பு நிலம் பறவைகளுக்குப் பெயர் பெற்றது. சுற்றியுள்ள ஊர்களின் எருமைகள் நெடுங்காலமாக அங்கே மேய்ந்துவந்தன. 1980-களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்காவானது. இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சல் கூடாது என்பதால், 1982-இல் மேய்ச்சல் நிறுத்தப்பட்டது. எதிர்த்துத் திரண்ட ஊர்மக்கள் மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. தடை நிலைத்தது. அதன்பின் எருமைகள் கடித்துக் கட்டுக்குள் வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடத் தொடங்கியது. திறந்த நீர் குறைந்ததால் நீர்ப்பறவைகளுக்கு இரை தேடும் இடமும் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பத்தாண்டுக் காலம் அங்கே செய்த ஆய்வு, எருமைகள் அந்த நிலத்துக்கு நன்மையே செய்துவந்தன என்ற முடிவுக்கு வந்தது. பறவைகளைக் காக்கத்தான் தடை விதித்தார்கள். அந்த எருமைகளை நாள்தோறும் ஓட்டிச் சென்றவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், புல் எப்படி வளரும் என்பதை அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் உலுரு பாறையும் அதைச் சூழ்ந்த பூங்காவும் 1985-இல் அந்த நிலத்தின் பழங்குடிகளான அனங்கு மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டன. அவர்கள் அதை 99 ஆண்டுகளுக்கு அரசுக்குக் குத்தகைக்கு விட்டு, நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையாக அமர்ந்தார்கள். தங்களுக்குப் புனிதமான அந்தப் பாறையில் ஏற வேண்டாம் என்று பல ஆண்டுகள் வேண்டுகோளாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, 2019 அக்டோபர் 26 அன்று, நிலம் திரும்பக் கிடைத்த அதே நாளில், ஏறுவதை நிரந்தரமாக நிறுத்தினார்கள். பூங்கா மூடப்படவில்லை; சுற்றிவர நடக்கலாம், பார்க்கலாம். மாகுலேக்கே மக்கள் 1998-இல் தங்கள் நிலத்தின் உரிமையைச் சட்டப்படி மீட்டனர். மீட்ட பிறகு அதில் குடியேறாமல், பூங்காவின் பகுதியாகவே காப்பதற்கு ஒப்புக்கொண்டு சுற்றுலா வருவாயைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டனர். நியூசிலாந்து 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்த டே உரேவேரா என்ற காட்டுப்பகுதி அந்தப் பெயரிலிருந்து விடுவிக்கப்பட்டு, தனக்கே சட்ட உரிமைகள் உள்ள ஓர் ஆளாக அறிவிக்கப்பட்டது. அதன் சார்பில் முடிவெடுக்கும் குழுவில் அந்த நிலத்தின் மாவோரிப் பழங்குடிகளான தூஹோ மக்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வரைவைத் தயாரித்த குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பாருங்கள்.

தேன்சிட்டு

இத்தனை பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ‘பழைய கோப்பு’ சொன்னபடி முதல் பக்கத்தைப் பார்த்தேன். அதிகாரிகளும் சுற்றுலாத் தொழிலைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். காட்டோரத்து ஊர்களிலிருந்து ஒருவரும் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. கேவலாதேவில் எருமைகள் நன்மை செய்தன என்பதிலிருந்து, எல்லா இடத்திலும் எல்லாப் பயன்பாடும் நன்மை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. ஐம்பது மாடுகள் மேய்ந்த இடத்தில் இன்று ஐந்நூறு மேயலாம். வீட்டு அடுப்புக்கு விறகு எடுத்த காட்டில் இன்று விற்பனைக்கு வெட்டலாம். உள்ளூர் மக்களுக்கு உரிமை கொடுத்த பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு காட்டுக்குக் கேடாக அமைந்தால் என்ன செய்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வரைவின் கடைசிப் பகுதி தட்பவெப்ப மாற்றத்தைப் பற்றியது. ‘இயற்கையான நிலையைப் பாதுகாப்போம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மழையே இடம் மாறும்போது, இயற்கையான நிலை என்று எந்த ஆண்டின் நிலையைச் சொல்வது?

பழைய கோப்பு

உங்கள் தயக்கம் நியாயமானது. உரிமை கொடுப்பது என்றால் கணக்குக் கேட்காமல் விடுவது என்று பொருளில்லை. உலுருவிலும் மாகுலேக்கேவிலும் நடப்பது கூட்டு நிர்வாகம். எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது, வரம்புகள் இருக்கின்றன, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க முடியும். கேடு செய்யக்கூடும் என்ற ஐயத்தை ஊர்மக்கள் மேல் மட்டும் வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கை அணைகட்டி நீரில் மூழ்கடிக்க 1913-இல் அனுமதி கொடுத்தது ஊர்மக்கள் அல்லர், அந்நாட்டின் நாடாளுமன்றம்.

வேர்நுனி

கடைசிக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலை எழுதுகிறேன். தாவரச் சூழலியல் என் துறை.

எந்த ஆண்டின் நிலை என்று நீங்கள் கேட்டதற்கு முழு விடை யாரிடமும் இல்லை, ஏனென்றால் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளே பலமுறை மாறியிருக்கிறது. எல்லோஸ்டோனில் ஓநாய்களைக் கொல்வது ஒரு காலத்தில் பாதுகாப்புப் பணியாகவே கருதப்பட்டது. 1926 வாக்கில் அங்கே அவற்றை ஒழித்துவிட்டார்கள். 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதும் பாதுகாப்புப் பணிதான். காட்டுத்தீயும் அப்படியே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளரும் பேருருவ செக்கோயா மரத்தின் விதைக்கூம்புகள் தீயின் வெப்பத்தில்தான் நன்றாகத் திறந்து விதை சிந்தும்; எரிந்து சருகு நீங்கிய வெற்று மண்ணில்தான் அந்த விதை முளைக்கும். சிறு தீக்களையெல்லாம் நூறு ஆண்டுகளாக அணைத்து அணைத்து, அடியில் விறகைச் சேர்த்துவைத்தார்கள். வெப்பமும் வறட்சியும் கூடியபோது, 2020, 2021 ஆகிய இரண்டே ஆண்டுகளின் தீயில் உலகில் உள்ள பெரிய செக்கோயா மரங்களில் 13 முதல் 19 விழுக்காடு வரை அழிந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டு தீயைத் தாங்கி நின்ற மரங்களும் அவற்றுள் இருந்தன. உலகின் மிகப் பெரிய மரத்தின் அடியைச் சுற்றி, தீயைத் தாங்கும் பளபளப்பான தகட்டுத்துணியைப் போர்த்திய படத்தை அப்போது பார்த்தேன். இத்தனை ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தும் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அதன்பின் எழுந்த விவாதம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. எரிந்த தோப்புகளில் மனிதர் நாற்று நடலாமா? நடாவிட்டால் சில தோப்புகள் திரும்ப வராமலே போகலாம் என்றது பூங்காத் துறை. மனிதர் கைபடாத நிலம் என்று சட்டம் காக்கும் இடத்தில் நாற்றங்கால் கன்றுகளை நடுவது அந்தச் சட்டத்துக்கே எதிரானது என்றனர் சில காட்டுப் பாதுகாப்பு அமைப்பினர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. அமெரிக்க–கனடா எல்லையில் உள்ள சுப்பீரியர் ஏரியின் நடுவில் இருக்கும் ஐல் ராயல் தீவுப் பூங்காவில் ஓநாய்கள் இரண்டாகக் குறைந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஏரி உறைந்து பாலம் போலாகும், நிலப்பகுதியிலிருந்து ஓநாய்கள் அதன்மேல் நடந்துவரும். பனிப்பாலம் அரிதாகிவிட்டதால் வருகை நின்றது. 2018, 2019-இல் 19 ஓநாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பனியைக் குறைத்ததில் மனிதருக்குப் பங்கு இருக்கும்போது, ஓநாயை மட்டும் இயற்கை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுபக்கத்தில் சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்கா இருக்கிறது. 1914 முதல் அங்கே மரம் வெட்டுவதில்லை, மேய்ப்பதில்லை, பாதையை விட்டு யாரும் விலகக்கூடாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது. மனிதர் கைவைக்காவிட்டால் ஒரு மலைநிலம் என்ன ஆகும் என்பதை நூறாண்டுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சில இடங்களும் வேண்டும், இல்லாவிட்டால் நம் தலையீட்டின் விளைவை ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே மிஞ்சாது.

ஆகவே உங்கள் பூங்காவில் எந்தெந்தப் பகுதியில் மாற்றத்தை எதிர்த்து நிற்பார்கள், எதில் மாற்றத்தை ஏற்பார்கள், எதில் மாற்றத்தை வழிநடத்துவார்கள் என்று பகுதி பகுதியாக எழுதச் சொல்லுங்கள். அமெரிக்கப் பூங்காத் துறை இன்று இந்த மூன்று சொற்களை வைத்தே திட்டமிடுகிறது. 2030-க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் நாடுகள் ஒப்புக்கொண்டிருப்பதால், வரைபடத்தில் பச்சை வண்ணம் இனி வேகமாகப் பரவும். பச்சை பூசிய இடத்தில் யார் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்பது ஒவ்வொரு திட்டத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தேன்சிட்டு

இன்று இரவு எழுதத் தொடங்குகிறேன். ஊர்மக்கள் இல்லாத குழுவைப் பற்றியும் பலகைப் பாதையைப் பற்றியும் முதலில் எழுதுவதாக இருக்கிறேன். ‘கல்லும் மண்ணும்’ அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அருவிப் பாதையை மூடுவதை நான் எதிர்க்கலாமா, ஆதரிக்கலாமா?

கல்லும் மண்ணும்

பாதையைப் பார்க்காமல் ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். வரைவின் பின்னிணைப்பில் செலவு அட்டவணை இருக்கும். அதில் பாதைச் சீரமைப்புக்குத் தனி வரி இருக்கிறதா, அல்லது ‘இதர செலவுகள்’ என்பதற்குள் போய்விட்டதா என்று பாருங்கள். தனி வரி இருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆளும் கூலியும் குறிக்கப்பட்டிருந்தால், மூடுவதை ஆதரியுங்கள். எங்கள் அனுபவத்தில் அந்த நீளத்துக்கு ஐந்தாண்டு தேவைப்படாது, இரண்டு மழைக்காலம் போதும். வரியே இல்லையென்றால் எதிர்த்து எழுதுங்கள்.

முடிந்தால் அடுத்த பெருமழைக்கு மறுநாள் காலையில் அங்கே போய்வாருங்கள். தண்ணீர் எந்த வளைவில் பாதைக்குள் நுழைகிறது, எங்கே தேங்கி நிற்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று மூன்று இடங்களில் படம் எடுத்து, உங்கள் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். படங்களை இங்கேயும் போட்டால், எந்த இடத்தில் கல் பதிக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.